பெங்களூரு குளிரை நம்பிப் பாம்பைத் தூங்க வைக்கலாமா?

19 அக்டோபர் 2024

ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "அண்ணா, எங்கிட்ட ஒரு ஜோடி கார்ன் ஸ்நேக் இருக்கு. அடுத்த வருஷம் முட்டை எடுக்கணும். டிசம்பர்ல நம்ம ஊரே குளிருதே, ஹீட் மேட்டை அணைச்சிட்டு டப்பாவைப் பால்கனியில வெச்சாலே போதும்னு கடைக்காரர் சொல்றார். சரிதானா?"

கார்ன் ஸ்நேக் என்பது வீட்டில் வளர்க்கும் ஓர் அமெரிக்கப் பாம்பு, ஹீட் மேட் என்பது அதன் டப்பாவுக்குச் சூடு கொடுக்கும் கரண்ட் விரிப்பு. இணை சேர்ப்பதற்கு முன்னால் பாம்பைச் சில வாரம் தீனியில்லாமல் குளிரில் அடங்கிக் கிடக்க விடுவது வளர்ப்பவர்களின் வழக்கம், அதைத்தான் தூக்கம் என்கிறேன். பால்கனிக் குளிர் அதற்குச் சரியில்லை தம்பி. பெங்களூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை 15, 16 டிகிரி இருக்கும். மதியம் 26, 27 வரை ஏறிவிடும். பால்கனியில் வெயில் நேரடியாக விழுந்தால் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதற்கும் மேலே போகும். அந்தப் பாம்பு ராத்திரி விறைத்துக் கிடந்து, மதியம் விழித்து அலைந்து, மறுபடி ராத்திரி விறைக்கும். தினம் இதுவே நடந்தால் அது தூங்கியதாகவும் ஆகாது, விழித்திருந்ததாகவும் ஆகாது.

வீட்டுக்குள் வைத்தாலும் கதை பெரிதாக மாறாது. இங்கே குளிர்காலத்தில் உள்ளறை 20, 22 டிகிரியில் நிற்கும். நமக்கு அது சொகுசு. பாம்புக்கு அதைவிட மோசமான வெப்பநிலை இல்லை. தின்றதைச் செரிக்க அந்தச் சூடு போதாது, உடம்பு அடங்கி ஓய்வெடுக்க அந்தக் குளிரும் போதாது. தீனி இல்லாமலே உடம்பு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்தில் முதுகெலும்பு தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் சளி பிடிக்கும்.

வேண்டியது 12 முதல் 14 டிகிரி வரை அசையாமல் நிற்கும் குளிர், இருட்டு, குடிக்கத் தண்ணீர். எட்டு முதல் பன்னிரண்டு வாரம். நம் ஊர் வானிலை அதைத் தராது, நாம்தான் உண்டாக்க வேண்டும்.

20 அக்டோபர்

"ஊரில் குளிர் போதாது என்றால் 1884-இல் 7.8 டிகிரி பதிவானது எப்படி?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். 1884 ஜனவரி 13 அன்று பதிவானது, பெங்களூரின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். ஆனால் அது ஒரு நாளின் விடியற்காலைக் கணக்கு. பாம்புக்கு வேண்டியது வாரக்கணக்கில் இறங்காமல் ஏறாமல் நிற்கும் குளிர்.

20 அக்டோபர், இரவு

இதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தூக்கம் தேவையா?

கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. வடக்கே நியூ ஜெர்சி வரையும் தெற்கே ஃபுளோரிடா முனை வரையும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பனி கொட்டும். ஃபுளோரிடாவின் தென்கோடியில் குளிர்காலம் என்பது நம் ஊர் குளிர்காலம் மாதிரிதான். அங்கேயும் முட்டை போடுகின்றன. குளிரே காட்டாமல் வருடா வருடம் குஞ்சு எடுக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆக, கார்ன் ஸ்நேக்குக்கு இது கட்டாயம் இல்லை.

எல்லாப் பாம்புக்கும் அப்படிச் சொல்ல முடியாது. கனடாவின் மானிட்டோபாவில் நார்சிஸ் என்ற இடத்தில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளுக்குள் கார்ட்டர் பாம்புகள் ஆயிரக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் வெளியே வந்த கையோடு இணை சேர்கின்றன. டேவிட் க்ரூஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பாம்புகளை வைத்துக் காட்டியது எனக்கு இன்றும் வியப்பு. ஆண் பாம்பை இணை தேட வைப்பது அந்த நேரத்து ஆண் ஹார்மோனின் அளவு இல்லை, நீண்ட குளிருக்குப் பின் வரும் சூடு. குளிர் இல்லையென்றால் அந்த ஆண் பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் எல்லாம் குளிரே தேவையில்லாத பாம்புக்கும் குளிர் இல்லாமல் முடியாத பாம்புக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன. குளிர் காட்டினால் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் தயாராகின்றன, கரு பிடித்த முட்டைகள் கூடுகின்றன என்பது வளர்ப்பவர்களின் பொதுவான அனுபவம். நானும் அதனால்தான் செய்கிறேன். ஆனால் பாம்பு முழு ஆரோக்கியத்தோடு இல்லையென்றால் அந்த வருடம் குளிரைக் காட்டுவதே இல்லை. குஞ்சு அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம்.

பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதில் எதையும் செய்யாதீர்கள். அது கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. ராத்திரியில் மூன்று நான்கு டிகிரி குறைத்தாலே அதற்குப் போதும். 13 டிகிரியில் வைத்தால் நிமோனியாவில் போய்விடும்.

26 அக்டோபர்

யாரைத் தூங்க வைக்கலாம், யாரை வைக்கக் கூடாது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. பாம்பை ஒரு டப்பாவில் போட்டு எடை பாருங்கள். பெண் கார்ன் ஸ்நேக் மூன்று வயது, மூன்று அடி, முந்நூறு கிராம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது கீழ் எல்லை. என் பெண் அதைத் தாண்டி 400-க்கு மேல் இருந்தால்தான் எனக்கு மனசு ஒப்பும், ஏனென்றால் குளிரில் இழப்பது கொஞ்சம், முட்டையில் இழப்பதுதான் அதிகம். ஆணுக்கு இவ்வளவு எடை வேண்டாம், உடம்பு உருண்டையாக இருந்தால் சரி. விரல்களால் பிடித்துப் பாருங்கள், முதுகுத்தண்டு கூரையின் முகடு போலத் துருத்தினால் அந்தப் பாம்பு இந்த வருடம் சூட்டிலேயே இருக்கட்டும்.

குட்டிகள் வேண்டாம். சமீபத்தில் தின்றதைக் கக்கிய பாம்பு வேண்டாம். செதிலுக்கடியில் உண்ணி ஓடும் பாம்பு வேண்டாம். மூச்சில் சத்தம் இருந்தால் கூடவே கூடாது. அக்டோபரிலேயே கழிவை ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சூட்டில் வெளியே தெரியாமல் இருக்கும் நோய், குளிரில் எதிர்ப்புச் சக்தி இறங்கும்போது தலைதூக்கும்.

3 நவம்பர்

சட்ட விஷயம் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது என் துறை இல்லை.

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்க முடியாது. சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என்று எதுவும் விலக்கில்லை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அது. ஓசூர் ரோட்டில் சாரை ஒன்றைப் பிடித்து வைத்திருப்பதாக எழுதிய நண்பரே, வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பாம்புகளில், சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நான்காம் அட்டவணையில் வருகின்றன. பால் பைத்தான் அதில் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆனாலும் வாங்கிய ரசீதைத் தொலைக்காதீர்கள்.

9 நவம்பர்

இன்றைக்கு என் இரண்டு பாம்புகளுக்கும் கடைசித் தீனி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், ஏனென்றால் குளிரில் சாகிற பாம்புகளில் பலவும் குளிரால் சாவதில்லை. வயிற்றில் கிடந்த எலியால் சாகின்றன.

பாம்புக்குச் செரிமானம் முழுக்க முழுக்க வெளிச்சூட்டைப் பொறுத்தது. 28, 29 டிகிரியில் நாலைந்து நாளில் கரையும் எலி, 13 டிகிரியில் கரையவே கரையாது. அப்படியே அழுகும். கெட்ட காற்றும் கிருமியும் உள்ளேயே பெருகும், பாம்பால் கக்கவும் முடியாது. அதனால் கடைசித் தீனிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம் பட்டினி, அந்த இரண்டு வாரமும் ஹீட் மேட் வழக்கம்போல எரிய வேண்டும். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தீனியை நிறுத்திய அன்றே சூட்டையும் நிறுத்திவிட்டால் பட்டினி போட்டதற்கே அர்த்தம் இல்லை.

கடைசித் தீனி சின்னதாக இருக்கட்டும். தூங்கப் போகிறதே என்று பெரிய எலியாகத் திணிக்கத் தோன்றும். கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டுகிற மனசு அது, புரிகிறது. கொழுப்பு சேர்க்க வேண்டிய காலம் ஆகஸ்ட், செப்டம்பர். நவம்பரில் காலி செய்யும் வேலை மட்டும்தான்.

23 நவம்பர்

ஆண் பாம்பின் வயிறு காலியாகிவிட்டது. பெண்ணுக்கு இன்னும் இல்லை.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பாம்பைக் கையில் தளர்வாக ஓடவிட்டு, வயிற்றின் கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கட்டைவிரலின் மேல் நழுவவிடுங்கள். அழுத்தக் கூடாது. எதுவும் இல்லையென்றால் தசை ஒரே சீராக ஓடும். கழிவு தங்கியிருந்தால் ஆசனவாய்க்குச் சற்று முன்னால் ஊறிய புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்படும். வெள்ளையான யூரேட், அதாவது பாம்பின் சிறுநீர்க் கழிவு, சில சமயம் சுண்ணாம்புக் கட்டியாகவே இறுகிவிடும்.

என் பெண்ணுக்கு அப்படி ஒன்று தட்டுப்பட்டது. அகலமான டப்பாவில் உடம்பு பாதி மூழ்கும் அளவுக்கு 30 டிகிரியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை மணி நேரம் உள்ளே விட்டேன். டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தது, மூலையில் நின்று நாக்கை நீட்டி என்னைப் பார்த்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு மறுபடி. இரண்டு வாரம் என்று மேலே எழுதியது குறைந்தபட்சம்தான். கடைசியாகக் கொஞ்சம் பெரிய எலி தின்ற பாம்புக்கு மூன்று வாரமே சரி. வயிறுதான் நாள் குறிக்க வேண்டும், காலண்டர் இல்லை.

24 நவம்பர்

வந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாகக் கழிவைச் சுத்தம் செய்வது பாம்பு வளர்ப்பவர்கள் மட்டும்தான் என்று அம்மா சொன்னார்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்ததிலிருந்து இங்கே வெயிலே இல்லை. தூறல், ஊதைக் காற்று, ஸ்வெட்டர். "அண்ணா, இப்ப பால்கனியில வெக்கலாமா?" என்று தம்பி கேட்கிறார். மேகம் கலைந்ததும் மறுபடி 26-க்கு ஏறும் தம்பி, பொறுங்கள். ஆனால் இந்த வானிலை ஒன்றுக்கு உதவும். ஹீட் மேட்டை அணைத்துவிட்டு அறையின் சூட்டிலேயே சில நாள் விட்டால் முதல் படி தானாக நடந்துவிடும். நான் அணைத்துவிட்டேன். இப்போது டப்பாவுக்குள் 21.

அடுத்த படி குளிர்பெட்டி. என்னிடம் இருப்பது பழைய ஒரு கதவு ஃபிரிட்ஜ். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் எஸ்டிசி-1000 என்ற வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக அதற்குக் கரண்ட் போகிறது. ஃபிரிட்ஜின் சொந்தக் குமிழை நம்ப முடியாது, அது 4, 5 டிகிரிக்காகச் செய்தது. வெளிக்கட்டுப்பாடு 13-இல் நிறுத்தும். சென்சார் முனையைப் பாம்பு டப்பாவின் மட்டத்தில், ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டுவிடுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கம்ப்ரஸர் தேவையில்லாமல் ஓடும். காலியிடத்தில் எல்லாம் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள், குளிர் நிலையாக நிற்கும். பின்சுவரை ஒட்டி டப்பாவை வைக்காதீர்கள், அங்கே மூன்று டிகிரி வரை குறைவாக இருக்கிறது.

ஒயின் கூலர் இருந்தால் இன்னும் எளிது, அது 12, 14-இல் நிற்பதற்கென்றே செய்தது. கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை விலை குறைவு, சத்தமில்லை. ஆனால் வெளிச்சூடு அதிகமானால் திணறும். பெங்களூரு டிசம்பருக்குத் தாங்கும்.

டப்பாவில் சூட்டுக்கோலால் நாலு பக்கமும் துளை, அடியில் காய்ந்த தேங்காய் நார்த்தூள் நாலு விரற்கடை, கவிழாத தண்ணீர்க் கிண்ணம், இறுகப் பூட்டும் மூடி. ஒரு டப்பாவில் ஒரு பாம்புதான். 18-இல் சில நாள், 15-இல் சில நாள், அப்புறம் 13.

8 டிசம்பர்

மாட்டுங்காவிலிருந்து ஓர் அக்காவும் டெல்லி ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு நண்பரும் தங்கள் ஊருக்கு எப்படி என்று கேட்டார்கள். மும்பையில் ஜனவரி மதியம் 30-ஐ ஒட்டி இருக்கும், அறைக் குளிரைப் பேசிப் பயனில்லை. கம்ப்ரஸர் வைத்த பெட்டி இல்லாமல் முடியாது அக்கா, பெல்டியர் அங்கே நிற்காது. அவ்வளவு செலவு வேண்டாமென்றால் குளிர் காட்டாமலே இணை சேர்த்துப் பாருங்கள், கார்ன் ஸ்நேக்தானே.

டெல்லிக்குப் பிரச்சினை தலைகீழ். ஜனவரியில் ராத்திரி 7, 8 சாதாரணம், சில நாள் அதற்கும் கீழே. சூடேற்றாத வடக்குப் பக்க அறை அநேகமாக 13-ஐ ஒட்டியே நிற்கும், ஃபிரிட்ஜ் வேண்டாம். குளிர் அலை வந்தால் 10-க்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும், அங்கே ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட்டில் 11-க்கு வைத்துக் காவலுக்கு விடுங்கள். ராஜஸ்தானின் பரத்பூரில் மலைப்பாம்புகள் முள்ளம்பன்றி வளைகளுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, வெயில் வந்தால் வாசலில் வந்து படுத்திருக்குமாம். மண்ணுக்கடியில் நிலையான வெப்பம், கூப்பிடு தூரத்தில் வெயில். நாம் டப்பாவில் செய்ய முயல்வது அதில் பாதியைத்தான்.

22 டிசம்பர்

மார்கழிக் கோலத்துக்கு அம்மா எழும் நேரத்தில் நானும் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். 13.1.

ஆண் பாம்பு நார்த்தூளுக்குள் முழுக்கப் புதைந்து, தலை மட்டும் கிண்ணத்தின் ஓரத்தில். தொட்டதும் உடனே அசையவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு சுருள் மெல்ல இறுகியது, நாக்கு வெளியே வந்து, வளைந்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனது. சூட்டில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் துடிக்கும் நாக்கு அது. செத்துவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும், தொட்டால் மெதுவாகவாவது பதில் வரும்.

தண்ணீரை விட்டுவிடாதீர்கள். தூங்குகிற பாம்பு குடிக்காது என்று நினைப்பது தவறு. இடையிடையே எழுந்து குடிக்கும். ஃபிரிட்ஜின் காற்று வறண்டது, நீர் வற்றிப் போவதுதான் பெரிய ஆபத்து. வாரம் ஒரு தடவை தண்ணீரை மாற்றும்போது கதவு திறப்பதால் காற்றும் மாறிவிடும். நார்த்தூள் ஈரமானால் உடனே மாற்றுங்கள், ஈரக் குளிரில் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும்.

முழு இருட்டு என்று முன்பு சொன்னதில் ஒரு திருத்தம். பார்க்கும்போது அறை விளக்கு எரிந்தால் கெடுதல் எதுவும் இல்லை. டார்ச்சைக் கடித்துக்கொண்டு இருட்டில் தண்ணீர் மாற்ற வேண்டாம்.

5 ஜனவரி 2025

கரண்ட் போனால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், கதவைத் திறக்காதீர்கள். பாட்டில்கள் நிறைய இருந்தால் பாதி நாள்கூட ஓரிரண்டு டிகிரிதான் ஏறும். நேற்று எங்கள் தெருவில் மதியம் போய்ச் சாயங்காலம் வந்தது, உள்ளே 14-ஐத் தொடவில்லை. பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம்: கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகி ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடினால் 4 டிகிரிக்குப் போய்விடும். 10-இல் கத்தும் அலாரம் உள்ள தனித் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம்.

மோர்ப் பாத்திரத்தை அந்த ஃபிரிட்ஜின் மேல் தட்டில் வைக்கலாமா என்று அம்மா கேட்டார். கூடாது. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா சாதாரணமாக இருக்கும், பாம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது, நமக்கு வயிறு போகும். பாம்பு ஃபிரிட்ஜ் பாம்புக்கு மட்டும். கை கழுவாமல் சமையலறைக்குள் போகாதீர்கள்.

19 ஜனவரி

ஃப்ரேசர் டவுன் நண்பர் தன் கிங் ஸ்நேக் பற்றி எழுதியிருந்தார். தலையை மேலே தூக்கியே வைத்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மூக்குத் துளையில் ஒரு குமிழி. நான் பதில் போடுவதற்குள் அவரே குளிரிலிருந்து எடுத்துவிட்டார், நல்லது.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பைக் காதருகில் பிடித்துக் கேளுங்கள். நல்ல மூச்சு கேட்கவே கேட்காது. டிக் டிக்கென்று ஒரு சத்தமோ, சீழ்க்கை போன்ற இழுப்போ கேட்டால் அந்தப் பாம்புக்கு இந்த வருடத் தூக்கம் முடிந்தது. ஓரிரு நாளில் படிப்படியாக முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து மருத்துவரிடம் போங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று குளிரிலேயே விட்டால் நுரையீரல் நிரம்பிவிடும். பாம்பால் இருமித் துப்ப முடியாது.

எடையையும் பாருங்கள். நல்ல பாம்பு இந்தக் குளிரில் ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம்தான் இழக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் எடுத்துவிடுங்கள்.

26 ஜனவரி

விஷயத்தை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி பக்கத்துத் தோட்டத்தில் எடுத்த வீடியோ ஒன்றை ஒருவர் அனுப்பி, "சாரையும் நல்ல பாம்பும் பிணையல் போடுது, குளிர் விட்டதும் இப்படித்தானா?" என்று கேட்கிறார். என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார், அந்த இடத்தில் வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்துவந்து பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்பார்.

வீடியோவில் இருப்பது இரண்டும் சாரை, இரண்டும் ஆண். யார் தலையை யார் தரையில் அமுக்குவது என்ற மல்யுத்தம் அது. கடிப்பதில்லை. உடம்பை முறுக்கிக்கொண்டு மேலே எழும்பும்போது பார்க்கிறவர்களுக்கு அது கூடலாகத் தெரிகிறது. உண்மையான கூடலில் இரண்டும் தரையோடு தரையாகக் கிடக்கும், பெரிய ஆட்டம் இருக்காது. சாரையும் நாகமும் சேர்ந்து குட்டி வராது, அவை வேறு வேறு குடும்பங்கள்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. இரண்டு ஆண்களை ஒரே டப்பாவில் விட்டுவிட்டு, பின்னிக்கொள்வதைப் பார்த்து முட்டைக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்று விவரம் தெரிந்தவரிடம் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

16 பிப்ரவரி

எழுப்ப ஆரம்பித்துவிட்டேன். வந்த வழியே திரும்ப வேண்டும்: 15, 18, பிறகு அறைச் சூடு, ஒரு வாரம் கழித்து ஹீட் மேட். ஒரே நாளில் 13-லிருந்து 29-க்குத் தூக்காதீர்கள்.

முழுச் சூட்டுக்கு வந்த அன்றே தீனி போட வேண்டாம். நாலைந்து நாள் போகட்டும், முதல் எலி வழக்கத்தில் பாதி அளவு. பசி எடுத்த பெண் பாம்பு டப்பாவைத் திறக்கும்போதே பாய்ந்து வரும், அந்த வேகத்துக்கு மயங்கிப் பெரிய எலி கொடுத்தால் கக்கிவிடும். பெண்ணுக்கு இனி அடிக்கடி, சின்னச் சின்னதாகத் தீனி. ஆண் தின்னவில்லை என்றால் பதறாதீர்கள், அதற்கு இப்போது நினைப்பெல்லாம் வேறு.

9 மார்ச்

பெண்ணுக்குக் கண் மங்கி, தெளிந்து, இன்று காலை சட்டை உரித்தது. மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டு. கிழியாமல் வந்த சட்டை உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். குளிரில் தண்ணீரைக் கவனித்தது வீண் போகவில்லை.

தூக்கத்துக்குப் பிறகு வரும் இந்த முதல் சட்டைக்காகத்தான் காத்திருந்தேன். பெண் ஏற்றுக்கொள்ளும் காலம் இதிலிருந்துதான். சாயங்காலம் பெண்ணை ஆணின் டப்பாவில் விட்டேன். ஆணின் நடையே மாறிவிட்டது, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தபடி பெண்ணின் முதுகை ஒட்டியே ஊர்ந்தது. இரண்டுக்கும் தீனி கொடுத்த அன்று ஒன்றாக விடாதீர்கள். எலி வாசனையில் ஒன்றை ஒன்று கடித்துவிடும்.

ஜீவனஹள்ளித் தம்பி இந்த வருடம் தூங்க வைக்கவில்லை. அவருடைய பெண் 260 கிராம்தான். வருத்தமாக எழுதியிருந்தார். நீங்கள் செய்ததுதான் சரி தம்பி. கோடை முழுக்க நன்றாகத் தீனி போடுங்கள், நவம்பரில் தராசை எடுங்கள்.

20 ஏப்ரல்

முட்டை போட்டுவிட்டது, எல்லாம் வெள்ளை, கெட்டித் தோல். அதற்கு ஒன்றரை வாரம் முன்னால் இன்னொரு சட்டை உரித்திருந்தது. அப்போதே ஈரமான பாசி வைத்த மூடிய டப்பாவை உள்ளே வைத்துவிட்டேன், அதற்குள்தான் போட்டது.

இப்போது பெங்களூரில் கவலை எதிர்த்திசையில். ஏப்ரல்தான் நமக்கு உச்ச வெயில், மதியம் 34-ஐத் தொடும். முட்டைக்கு வேண்டியது 27 முதல் 29 வரை. தெர்மோகோல் பெட்டிக்குள் ஹீட்டர் இல்லாமலே 31-க்குப் போய்விடுகிறது. வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையில், சுவர் வெயில் படாத பக்கம் வையுங்கள். முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் குறி போட்டு, எடுக்கும்போது புரளாமல் பாருங்கள். கரு உள்ளே ஒட்டிய பிறகு புரட்டினால் மூழ்கிவிடும். ஈரம் பிடித்து வைக்கும் வெர்மிகுலைட் துகளில் பாதி புதையட்டும், தண்ணீரை முட்டை மேல் தெளிக்க வேண்டாம்.

இதையெல்லாம் யோசித்தால் அடுத்த வருடம் தூக்கத்தையே மூன்று வாரம் தள்ளித் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. டிசம்பர் கடைசியில் 13-ஐத் தொட்டு மார்ச் முதல் வாரம் எழுப்பினால், முட்டை மே நடுவில் வரும். அதற்குள் கோடை மழை பிடித்து ஊர் குளிர்ந்துவிடும்.

29 ஜூன்

இரண்டு மாதம் கழித்து முதல் குஞ்சு முட்டைத் தோலைக் கீறி மூக்கை நீட்டியிருக்கிறது. கீறிய பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் உள்ளேயே கிடந்து மஞ்சள் கருவை உறிஞ்சும். இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

குஞ்சுகளை வரும் குளிர்காலத்தில் தூங்க வைக்கலாமா என்று இப்போதே கேள்வி வந்துவிட்டது. வேண்டாம். முதல் இரண்டு வருடம் அவை சூட்டில் தின்று வளரட்டும்.

தாய்க்கு இப்போது வாரம் ஒரு சின்ன எலி. முட்டை போட்ட மறுநாள் எடை நன்றாகவே இறங்கியிருந்தது, மெல்ல ஏறுகிறது. இதே கோடையில் மறுபடி ஆணிடம் விட மாட்டேன். அக்டோபரில் பழைய எடைக்கு வரவில்லை என்றால் ஆணை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, இவளைச் சூட்டிலேயே விடப் போகிறேன்.